முதியோர் இல்லங்களை இரவில் ஆய்வு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள், ஊரில் தனித்துவிட்ட அப்பா அம்மாவைக் கட்டண முதியோர் இல்லத்தில் சேர்ப்பது இப்போது சகஜமாகிவிட்டது. சேர்க்கும் முன் ஒருநாள் வந்து பார்க்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு வருகிறார்கள். தரை துடைத்திருக்கிறது, சாமி படத்துக்குப் பூ வைத்திருக்கிறது, சாம்பார் கொதிக்கும் வாசனை வருகிறது. கட்டணத்தைப் பேசி, ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறார்கள். அதிகாரிகளின் ஆய்வும் பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் நடக்கிறது. பதிவுச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். சான்றுகள் வேண்டியவைதான். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவருக்கு நேரும் கேடுகளில் பல இரவு ஒன்பது மணிக்கும் காலை ஆறு மணிக்கும் நடுவில் நேருகின்றன. அந்த நேரத்தை எந்தக் கோப்பும் காட்டாது. ஆகவே முதியோர் இல்லங்களில் முன்னறிவிப்பு இல்லாத இரவு ஆய்வு வேண்டும். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும், பிள்ளைகள் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஆள் கணக்கு. ஒரு இல்லத்தில் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்புவது, முதுகைப் பார்ப்பது, டயப்பர் நனைந்திருந்தால் மாற்றுவது, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுவது, இரண்டு வாய் தண்ணீர் கொடுப்பது எல்லாம் சேர்ந்து ஆளுக்குப் பத்து நிமிடமாவது ஆகும். பத்துப் பேருக்கு நூறு நிமிடம். இரண்டு மணி நேரத்தில் மிச்சம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில்தான் அட்டெண்டர் கழிப்பறைக்குப் போக வேண்டும், ஞாபகமறதி உள்ள பெரியவர் கதவைத் திறந்துகொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூச்சுத் திணறுகிறவரைக் கவனிக்க வேண்டும். இதுபோக, வளர்ந்த ஒருவரை உடம்பு உராயாமல் திருப்ப இரண்டு பேர் தேவை. எனவே பத்துப் படுக்கை நோயாளிகளுக்கு இரவில் ஒரே ஒரு ஆள் இருக்கும் இல்லத்தில் இரண்டு மணி நேரக் கணக்கு நடக்கவே நடக்காது. பதிவேட்டில் மட்டும் நடக்கும்.

அந்தப் பதிவேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று ஐந்து கட்டங்கள் இருக்கும். ஐந்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தத்தில் டிக் அடித்திருந்தால் அது காலையில் ஒரே மூச்சில் நிரப்பியது. உண்மையாகத் திருப்புகிற இடத்தில் டிக் இருக்காது. 'இடது', 'மல்லாக்க', 'வலது' என்று எந்தப் பக்கம் படுக்க வைத்தார்கள் என்று எழுதியிருக்கும். இரவு இரண்டரை மணிக்கு ஆய்வுக்குப் போனால், இரண்டு மணிக் கட்டத்தில் 'இடது' என்று இருக்கும் பாட்டி உண்மையிலேயே இடப்பக்கம் படுத்திருக்கிறாரா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

படுக்கைப் புண் என்பதை வயோதிகத்தோடு கூட வருகிற ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் சிலருக்கு எவ்வளவு பார்த்தாலும் வரும், உண்மைதான். ஆனால் பெரும்பாலான புண்கள் தடுக்கக்கூடியவை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை மணிக்கணக்கில் நசுங்கும்போது ரத்தம் ஓடாமல் அந்த இடம் செத்துப்போகிறது. பிட்டத்துக்கு மேலே வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்னந்தலை ஆகியவைதான் முதலில் கெடும். தோல் சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பின் சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதுவே முதல் கட்டப் புண். நம் ஊர் மாநிறத் தோலில் இந்தச் சிவப்புக் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடம் சுற்றுத்தோலைவிடக் கறுத்தோ, ஊதாப் பூத்தோ இருக்கும். புறங்கையால் தொட்டால் சுடும், அல்லது கட்டியாகத் தட்டுப்படும். டார்ச் அடித்து, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

திருப்பும் முறையிலும் தவறு நடக்கிறது. நேர்ப்பக்கவாட்டில் தொண்ணூறு டிகிரிக்குப் படுக்க வைத்தால் மொத்த எடையும் இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சாய்வாகக் கொடுத்து, முப்பது டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஆக ஒருவருக்குத் தலைக்கு வைப்பது போக மூன்று தலையணை. கட்டிலுக்கு ஒரே தலையணை இருக்கும் இல்லத்தில் இது நடக்கவில்லை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். கக்கத்தில் கையைக் கொடுத்து மேலே இழுப்பதும் கூடாது. தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் நகர்ந்து உள்ளே சதை கிழியும். இடுப்புக்குக் கீழே மடித்துப் போட்ட ஒரு விரிப்பின் இரு ஓரத்தையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை வாங்கி உட்கார வைப்பது, சிவந்த இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது, பவுடரைக் கொட்டுவது, புண்ணில் ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றுவது எல்லாம் கெடுதல். வளையம் சுற்றிலும் ரத்தத்தைத் தடுக்கும். தேய்த்தால் ஏற்கெனவே நசுங்கிய சதை இன்னும் சிதையும்.

ஏர் பெட் (மோட்டாரில் காற்றேறும் மெத்தை) வாங்கிவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று நினைக்கும் இல்லங்களும் உண்டு. ஏர் பெட் போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். மின்சாரம் போனால் மோட்டார் நின்றுவிடும். மெல்ல மெல்லக் காற்று இறங்கிப் பெரியவர் பலகையில் கிடப்பார். இன்வெர்ட்டரில் டிவி இருக்கும், ஏர் பெட் மோட்டார் இருக்காது. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை அந்த மெத்தைக்கு அடியில், பெரியவரின் பிட்டத்துக்கு நேராக நுழைத்துப் பாருங்கள். கைக்கும் எலும்புக்கும் நடுவில் ஓர் அங்குலத்துக்காவது காற்று மெத்தென்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் அந்தப் படுக்கையால் பயனில்லை.

இன்னொரு கணக்கும் பார்க்கலாம். சிறுநீர் கட்டுப்பாடு இல்லாத பத்துப் பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு டயப்பர் என்றால் மாதம் 1,200. கொள்முதல் பில்லில் 400 தான் இருக்கிறது என்றால் மிச்ச நேரமெல்லாம் அவர்கள் ஈரத்தில் கிடக்கிறார்கள் என்று பொருள். இரவில் எழுந்திருக்கச் சோம்பிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் கட்டுவதும் நடக்கிறது. சூடும் ஈரமும் உள்ளேயே தங்கி, இரண்டே நாளில் தோல் உரியும். இதைவிடக் கொடுமை, படுக்கை நனையக்கூடாது என்று மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீரையே நிறுத்துவது. வயதானால் தாகம் அவ்வளவாகத் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமித் தொற்று வரக்கூடும். முதியவருக்கு அது சில நேரம் காய்ச்சலாக வராமல் திடீர்க் குழப்பமாக வரும். "நேத்து வரைக்கும் நல்லா பேசிக்கிட்டு இருந்தாங்க, இன்னைக்கு உளர்றாங்க" என்று போனில் சொன்னால், மனநிலை சரியில்லை என்று முடிவு கட்டாமல் முதலில் சிறுநீரையும் சர்க்கரையையும் சோதிக்கச் சொல்லுங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதாகி மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தவர்கள் தவிர, மற்றவர்களுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். பெரும்பகுதியைப் பகலிலேயே கொடுத்துவிட்டால் இரவுத் தொல்லையும் குறையும்.

மருந்தில், எல்லாவற்றையும்விட இன்சுலினைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மூரில் பாட்டிலாக வரும் சாதாரண இன்சுலின், அரசு மருத்துவமனையில் தருவது உட்பட, ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் (சிறு மருந்துக் குப்பி) மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா கெட்டுப்போன ஒரு ராத்திரியில், கார்ட்ரிட்ஜில் ஊசியைக் குத்தி, சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மில்லி. அதாவது 20 அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. பெரியவர் தூங்குவதுபோலவே கிடப்பார். வியர்த்து நனைந்திருப்பார், குறட்டை விடுவதுபோல மூச்சு வரும். நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். காலையில் எழுப்பினால் எழமாட்டார். மாறாக 40 பாட்டிலில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் வெறும் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது. இல்லத்தில் இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே டப்பாவில் கிடந்தால் அன்றே பிரித்துவைக்கச் சொல்ல வேண்டும். பேனா கார்ட்ரிட்ஜில் இருந்து சிரிஞ்சால் எடுக்கவே கூடாது. மாற்றுப் பேனா ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும்.

ஊசி போட்ட பின் சாப்பாடு தாமதமாவதும் ஆபத்து. பால் போலக் கலங்கலாக இருக்கும் கலப்பு இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்துத் தடவை உருட்டி, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடுகிறார்கள். அன்றைக்குப் பார்த்து சமையல்காரம்மா வர ஒரு மணி நேரம் தாமதமானால் சர்க்கரை விழுந்துவிடும். உணவு தயார் என்று சமையலறையில் இருந்து குரல் வந்த பிறகே ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே இருந்து, பெரியவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; மூச்சுக்குழாயில் போகும். 108 கூப்பிட வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் உறைந்ததைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். திறந்த பாட்டிலில் திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று ஆய்வாளர் பார்க்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு நான்கு வாரம்தான் கணக்கு.

தூக்க மாத்திரை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரவில் ஆள் குறைவு என்றால் ஆள் போட வேண்டும்; மாத்திரை போடக்கூடாது. அல்பிரசோலம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத அட்டவணையில் உள்ளவை. இல்லத்தில் யார் பெயருக்கு எந்த மருத்துவர் எந்தத் தேதியில் எழுதிக்கொடுத்தார் என்ற சீட்டு இருக்க வேண்டும். பெயரில்லாத பொது டப்பாவில் அட்டை அட்டையாக இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று ஆய்வாளருக்குத் தெரியும். அந்த மாத்திரை போட்டவர் நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தடுமாறி விழுவார். கட்டிலில் துணியால் கட்டிவைப்பதும் இதே பழக்கத்தின் இன்னொரு முகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஞாபகமறதியால் அலைகிற பெரியவருக்குத் தாழ்வான கட்டில், வெளிக்கதவில் மணி, கூட நடக்க ஒரு ஆள் இவையே வழி.

விழுவது என்று வந்தால் குளியலறைதான். நம்மூர் வீடுகளில் குளியலறைத் தரை அறையைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்வாக இருக்கும். வாடகை வீட்டை இல்லமாக மாற்றியவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த விளிம்பில் மஞ்சள் பெயின்ட் பட்டை அடித்தாலே பாதி விழுகை குறையும் என்பது எங்கள் எண்ணம். சிறு சரிவு கட்டினால் இன்னும் நல்லது. சரிவு கட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கு வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலி உருண்டுவிடும். கைப்பிடிக் கம்பியை மேற்கத்திய கழிப்பறை இருக்கையைவிட 20 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டுச் சுவரில் பொருத்துவார்கள். இங்கே புதுக் கட்டடங்கள் பலவற்றில் ஹாலோ பிளாக் (உள்ளே பொந்துள்ள கல்) சுவர்கள். அதில் பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகிய கம்பி, துண்டு போடத் தாங்கும். 60 கிலோ உடம்பு தொங்கினால் கல்லோடு பெயர்ந்து வரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட வேண்டும், அல்லது கம்பி வரும் இடத்தில் கல்லின் பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். ஆய்வுக்குப் போகிறவர் தன் முழு எடையையும் கொடுத்து ஒருதடவை தொங்கிப் பார்க்கட்டும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உட்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே விழுந்தவரே அதை அடைத்துக்கொண்டு கிடப்பார். உள் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க வழி வேண்டும்.

விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. தூக்கி உட்கார வைக்காதீர்கள், எண்ணெய்க் கட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்படியே கிடத்தி 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர் தலை அடிபட விழுந்தால், நன்றாகப் பேசினாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் மறுநாள்தான் ஆளைச் சாய்க்கும்.

சாப்பாட்டில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. களி இங்கே பெரியவர்களுக்கு உயிர். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், கொடுக்கட்டும். ஆனால் களியை மென்று தின்பதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் வழக்கம். பக்கவாதம் வந்து நாக்கும் தொண்டையும் வலுவிழந்தவருக்கு அந்த உருண்டை தொண்டையில் நிற்கும். அதே சமயம், பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுக்கும் தண்ணீர்க் கஞ்சியும் அவருக்கு ஆபத்துதான்; நீர்த்தது வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குடித்ததும் இருமல், அல்லது பேசும்போது தொண்டையில் தண்ணீர் தளும்புகிற மாதிரிக் குரல் வந்தால் அதுதான் அறிகுறி. இவர்களுக்குக் கரண்டியில் எடுத்தால் வழிந்து ஓடாமல் மெதுவாக இறங்கும் பதத்தில் கேழ்வரகுக் கூழ் ஏற்றது. நிமிர்ந்து உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, சின்ன ஸ்பூனால் ஊட்டி, முடிந்த பின் அரைமணி நேரம் படுக்க விடக்கூடாது. மூக்குக் குழாய் போட்டவருக்குத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, மூக்கின் அருகே குழாயில் உள்ள குறியீடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே உணவை விட வேண்டும். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதினால் சமையலறையின் தரம் தானே தெரியும். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோ ஆள் 47.5-க்கு வந்தால், எச்சரிக்கை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு பல இடங்களில் அதிகம் என்பது ஊரறிந்தது. ஜப்பான் நிதியுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்ததே இதற்காகத்தான். ஊர்களுக்கு வெளியே நிலத்தில் கட்டிய இல்லங்களில் பல, போர் தண்ணீரையே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துகின்றன. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் கழுத்தும் முதுகும் முட்டியும் இறுகும். ஏற்கெனவே மூட்டுவலியில் இருக்கும் பெரியவருக்கு அது வயசுக் கோளாறு என்ற பெயரில் மறைந்துவிடும். "நாங்க கொதிக்க வைச்சுத்தான் தர்றோம்" என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும். ஆர்.ஓ. கருவி புளோரைடைக் குறைக்கும், ஆனால் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) தேய்ந்த கருவி வெறும் அலங்காரம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த அறிக்கை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் கழித்தே பயன்பாடு. திறந்து வைத்துக் காரம் போன பவுடரை எவ்வளவு போட்டாலும் பயனில்லை.

சொறி சிரங்கு ஒருவருக்கு வந்தால், அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து போடுவது இல்லங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. உள்ளே இருக்கும் எல்லோருக்கும், ஊழியர்களுக்கும், ஒரே நாளில் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை உடம்பு முழுக்கப் பூசி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் குளிக்க வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். துணிகளைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும்.

இனித் தீ. தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதியோர் இல்லத்தை மருத்துவமனை இருக்கும் அதே நிறுவனப் பிரிவில்தான் வைத்திருக்கிறது. சாதாரண வீட்டுக்கான ஏற்பாடு இங்கே போதாது. தீயணைப்பு வண்டி ஊருக்கு வெளியே உள்ள இல்லத்துக்கு வந்து சேரும் வரை உள்ளே இருப்பவர்கள்தான் சமாளிக்க வேண்டும். இரவு ஆய்வில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்த கிரில் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? இப்போது திறந்து காட்டுங்கள்." சாவி வார்டன் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த இல்லத்துக்கு எந்தச் சான்று இருந்தும் பயனில்லை. வெளியேறும் பாதையில், மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டர் பேட்டரியும் பழைய மெத்தையும் அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். படுக்கையில் இருப்பவர்கள் தரைத்தளத்தில் மட்டுமே இருக்க வேண்டும். லிஃப்ட் இருக்கிறதே என்று மாடியில் வைக்கக்கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல் மருத்துவமனைத் தீயில் இறந்தவர்களில் சிலர் லிஃப்டில் மயங்கிக் கிடந்தார்கள். ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் கூடாது. கார்த்திகை விளக்கு ஏற்றும் நாளில் இது மறந்துபோகும்.

தீயணைப்பான் 6 கிலோ ஏபிசி பவுடர் என்றால் அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும். அது அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்; பின்னை உருவி, தீயின் அடியைக் குறிவைத்து, இருபக்கமும் வீசி அடிக்க இரவுப் பணியாளருக்குப் பழக்கம் வேண்டும். பழக்கம் இல்லாதவர் சுடரின் உச்சியில் அடித்து வீணாக்குவார். நகர முடியாதவரை மெத்தையோடு, அல்லது விரிப்போடு தலைப்பக்கம் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போக ஒரு ஆளால் முடியும். இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஊழியரைப் படுக்க வைத்தே ஒத்திகை பார்க்கலாம். சமையல் எரிவாயு சிலிண்டர் சமையலறைக்கு வெளியே இருக்க வேண்டும். ரப்பர் குழாய்க்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள். வருடம் குழாயிலேயே அச்சிட்டிருக்கும்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பதைத் தடுக்க வேண்டும். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி போனவருக்கு வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்தது காலையில்தான் தெரியும். கம்பளியும் காலுறையும் போதும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதாமாதம் முதியோர் உதவித்தொகை வரும் பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் இல்ல நிர்வாகி மேசையில் இருக்கக்கூடாது. முடியாதவர் என்றால், யார் எடுத்தார், எவ்வளவு, எதற்கு என்று கைரேகையோடு ஒரு நோட்டு வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கும் இல்லம் அமைக்கலாம் என்கிறது. இல்லங்களைப் பதிவு செய்து உணவு, கட்டடம், மருத்துவத்துக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வந்தது; நிறைவேறாமலேயே 2024-ல் அந்த மக்களவையோடு காலாவதியானது. மீண்டும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரும் மாவட்ட சமூக நல அலுவலரும் நினைத்தால் மாதம் ஒரு இரவு, ஒரு அரசு செவிலியரையும் தீயணைப்பு வீரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு வீடாகப் போகும் அந்தத் திட்டத்தின் செவிலியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் தங்கள் சுற்றில் முதியோர் இல்லங்களையும் சேர்த்துக்கொண்டால், புண்ணும் எடையும் மாதாமாதம் வெளியாள் கண்ணில் படும்.

குறை கண்டதும் பூட்டி சீல் வைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. மூடிய இல்லத்துப் பெரியவர்கள் பேருந்து நிலையத்துக்கும் மருத்துவமனை வராந்தாவுக்கும்தான் போவார்கள். கிரில் சாவி, சிரிஞ்சு டப்பா, தூக்க மாத்திரை, கட்டிவைத்தல் இந்த நான்கையும் அன்றிரவே சரிசெய்யச் சொல்லலாம். இரவு ஆளைக் கூட்ட பதினைந்து நாள், கைப்பிடி, சரிவு, குடிநீருக்கு ஒரு மாதம் என்று தவணை கொடுத்து, மறுபடியும் இரவில் போய்ப் பார்க்கலாம். நல்ல மனசோடு, கையில் காசில்லாமல் நடத்துகிறவர்கள் பலர். தலையணையும் மஞ்சள் பெயின்டும் அவர்களால் முடியும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

பிள்ளைகளுக்கு: அடுத்த முறை போகும்போது சாயங்காலம் ஏழு மணிக்குப் பிறகு போங்கள். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, போர்வையை விலக்கிக் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். இன்றிரவு பணியில் இருப்பவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் வாசலில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இரவு பதினோரு மணிக்கு அந்த எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிட்டு, "அம்மா இப்போ எந்தப் பக்கம் படுத்திருக்காங்க?" என்று கேளுங்கள். திருப்திகரமான பதில் வராவிட்டால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ல் சொல்லலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் எழுத்துமூலமும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
முதியோர் செவிலியப் பணியில் இருக்கும் வாசகர்கள்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.